கல்லூரியில் 3,951 புள்ளி, முதல் தொழில்முறை ஆட்டத்தில் 10 டர்னோவர்: இடையில் என்னதான் நடக்கிறது?

#1 இரவுவிழிப்பு

வணக்கம் மக்களே. பெண்கள் கூடைப்பந்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கெய்ட்லின் கிளார்க்கின் முதல் டபிள்யூ.என்.பி.ஏ. (அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்) ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2024 மே 14, இந்தியானா ஃபீவர் அணி கனெக்டிகட் சன் அணியின் ஊருக்குப் போய் 92-71 என்று தோற்ற ஆட்டம். அவர் 20 புள்ளி எடுத்தார், சரி. ஆனால் 10 டர்னோவர், அதாவது பத்துத் தடவை பந்தை எதிரணியிடம் இழந்தார்! ஐந்து வாரத்துக்கு முன்புதான் அயோவா பல்கலைக்கழக அணியைக் கல்லூரி இறுதிப்போட்டி வரை இழுத்துக்கொண்டு வந்தவர். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்தாலும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) முதல் பிரிவில் அவ்வளவு புள்ளி எடுத்தவர் கிடையாது. அதே பந்து, அதே உயரத்தில் வளையம். ஐந்து வாரத்தில் ஒருவருக்கு ஆட்டம் மறந்துவிடுமா என்ன?

விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். இதைக் கேட்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

#2 கார்டு7

அதே பந்துதான், ஆறாம் எண். த்ரீ பாயிண்ட் கோடுகூட அதே தூரம்தான். 2021-22 சீசனிலேயே கல்லூரிப் பெண்களுக்கும் கோட்டைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஆகவே "தூரம் கூடிவிட்டது, அதனால் தடுமாறினார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாறுவது நேரம். கல்லூரியில் ஷாட் கிளாக் (அதற்குள் வளையத்தை நோக்கிப் பந்தைப் போட்டாக வேண்டும்) 30 விநாடி, தொழில்முறையில் 24. பாதிக்கோட்டைத் தாண்ட அங்கே 10 விநாடி, இங்கே 8. மெதுவாகக் கொண்டுவந்தால் கல்லூரியில் மிச்சம் 20 விநாடி கையில் இருக்கும். இங்கே 16தான். முதலில் ஓட்டிய செட் (திட்டமிட்ட நகர்வு) கெட்டுப்போனால் இரண்டாவது செட்டுக்கு நேரம் கிடையாது.

பெரிய வித்தியாசம் எதிரில் நிற்கிற ஆள். அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், திரை போடுகிற, அதாவது கிளார்க்கைத் துரத்துபவரின் வழியில் நின்று மறிக்கிற ஃபீவர் வீராங்கனையைக் காக்கிற உயரமான எதிராளியைப் பாருங்கள். கிளார்க் பாதிக்கோட்டைத் தாண்டி ஓரடி வந்ததும் திரை வருகிறது. அந்த உயரமான பெண் பின்வாங்காமல் முன்னால் குதித்து வந்து இரண்டு கையையும் தூக்கிவிடுகிறார். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பவர் பக்கவாட்டில். நான்கு கை, பின்னால் பாதிக்கோடு. தப்பிக்க ஒரே வழி, திரை போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடுகிற தோழிக்கு அந்தக் கைகளுக்கு மேலேயோ நடுவிலேயோ பந்தைக் கொடுப்பது. கல்லூரியில் இதே பொறியை வைக்கிற பெண்ணுக்கு 19 வயது. பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அவள் கை நீளும். இங்கே நிற்பவருக்கு 29 வயது, இந்தப் பாஸை நூறு தடவை பார்த்தவர். பந்து கிளம்புவதற்கு முன்பே கை அங்கே இருக்கும். வித்தியாசம் அரை விநாடிகூட இருக்காது, டர்னோவர் அதில்தான்.

இன்னொன்று. அயோவாவில் பந்து வாங்கிய கைகள் வருஷக்கணக்காக அவரோடு ஆடியவை. அங்கே தோழியாக இருந்த கேட் மார்ட்டின் தலையைத் திருப்புவதற்கு முன்பே பந்து வந்துவிடும், அவருக்கும் அது தெரியும். ஃபீவரில் அதே பாஸ் தோழியின் விரலில் பட்டு வெளியே போனது. கணக்கில் அதுவும் கிளார்க் பெயரில்தான் ஏறும்.

நான் கல்லூரி அளவோடு நின்றுபோன பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள். இப்போது பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் கார்டுகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்.

#3 புள்ளிக்கணக்கு

கார்டு7 சொன்னதோடு காலண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி இறுதிப்போட்டி 2024 ஏப்ரல் 7. டிராஃப்ட், அதாவது லீக் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள், ஏப்ரல் 15. பயிற்சி முகாம் ஏப்ரல் கடைசியில். முதல் ஆட்டம் மே 14. மொத்தம் 37 நாள். ஆண்களுக்கு ஜூனில் டிராஃப்ட், அக்டோபரில் சீசன். நடுவில் உடம்பைத் தேற்றலாம், வீடு பார்க்கலாம், புது அணியின் ஆட்ட முறையைப் படிக்கலாம். பெண்களுக்குப் பட்டமளிப்பு விழாவே முகாம் நடக்கும்போதுதான் வருகிறது.

அதற்கு மேல், ஃபீவருக்கு முதல் 20 நாளில் 11 ஆட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 2 வெற்றி, 9 தோல்வி. பயிற்சிக்கு நாள் எங்கே? ஆட்டத்திலேயேதான் பயிற்சி.

அயோவாவின் கடைசி சீசனில் 39 ஆட்டம், ஃபீவருக்கு 40, பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) 2. பதினொரு மாதத்துக்குள் 81 ஆட்டம், அத்தனையிலும் ஐந்து பேரில் ஒருவராக இறங்கியவர். பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவரைச் சேர்க்கவில்லை என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. ஜூலை, ஆகஸ்டில் லீக் நின்ற அந்த ஒரு மாதம்தான் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான ஓய்வு. திரும்பி வந்த ஆகஸ்டில் கிழக்குப் பிரிவின் மாதச் சிறந்த வீராங்கனை.

#4 உண்மைவிளம்பி

எல்லாம் சாக்கு. கல்லூரிச் சாதனை என்பதே ஊதிய பலூன். பலவீனமான அணிகளோடு ஆடி எடுத்த புள்ளி. பெரியவர்கள் லீகுக்கு வந்ததும் காற்று இறங்கியது, அவ்வளவுதான்.

#5 புள்ளிக்கணக்கு

காற்று இறங்கிய பலூனின் முதல் சீசன்: ஆட்டத்துக்கு 19.2 புள்ளி, 8.4 அசிஸ்ட் (தோழி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). லீகிலேயே அதிக அசிஸ்ட். ஒரு சீசனில் 337 அசிஸ்ட் என்பது அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. ஜூலை 17 அன்று டல்லாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19, அதுவும் லீக் சாதனை. லீகின் முதல் ஐவர் அணியில் இடம். ஆண்டின் சிறந்த ரூக்கி (முதல் வருஷ வீராங்கனை) ஓட்டு 67-இல் 66. டர்னோவரும் 223, ஒரு சீசனுக்கு அதுவரை இல்லாத அளவு, அதையும் மறைக்கவில்லை.

1 வெற்றி, 8 தோல்வி என்று ஆரம்பித்த அணி 20-20-இல் முடித்து, 2016-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிளேஆஃப் போனது.

#6 உண்மைவிளம்பி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. கல்லூரி ராணிகள் எல்லோரும் இப்படித் தேறினார்களா?

#7 கார்டு7

இல்லை. இது நல்ல கேள்வி.

கிளார்க் முறியடித்த என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாதனை கெல்சி பிளம் உடையது, 3,527 புள்ளி. பிளம் 2017 டிராஃப்டில் முதல் ஆள். முதல் சீசனில் சராசரி பத்தைக்கூடத் தொடவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த ரூக்கி விருது அலிஷா கிரேவுக்குப் போனது. அவரை எடுத்த சான் அன்டோனியோ அணியே மறுவருஷம் லாஸ் வேகஸுக்கு இடம் மாறியது. 2020-இல் அக்கிலிஸ் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போச்சு. 2021-இல் பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவர் என்ற விருது. யோசித்துப் பாருங்கள், கல்லூரியில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவர் தொழில்முறையில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார். அப்புறம் 2022, 2023 இரண்டிலும் கோப்பை.

இன்னொரு முனையில் சார்லி காலியர். 2021 டிராஃப்டில் முதல் ஆள், டல்லாஸ் எடுத்தது. இரண்டே வருஷம். 2023 சீசன் தொடங்குவதற்கு முன் அதே அணி அவரை விடுவித்துவிட்டது. முதல் ஆளாகத் தேர்வானவருக்கே இந்த நிலை. டிராஃப்ட் எண் முகாமின் வாசல் வரை கூட்டிப்போகும், அவ்வளவுதான்.

#8 பழைய ரசிகை

புள்ளிக்கணக்கு தம்பி "யாரும் எடுக்காத" என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கிறது. லினெட் உட்வர்டை யாருமே சொல்லவில்லையே?

கான்சஸ் பல்கலைக்கழகம், 1977 முதல் 1981 வரை. 3,649 புள்ளி. அப்போது பெண்கள் கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. நடத்தவில்லை, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பு நடத்தியது. அதனால் அவருடைய எண் ரொம்ப வருஷம் சாதனைப் பட்டியலில் அடிக்குறிப்பாகக் கிடந்தது. அவர் ஆடிய காலத்தில் த்ரீ பாயிண்ட் கோடே இல்லை. பெண்களுக்கான சின்னப் பந்தும் வரவில்லை. ஆண்களுடைய பெரிய பந்தில் எடுத்த புள்ளி அது. சின்னக் கல்லூரிகளையும் சேர்த்தால் பெர்ல் மூர் 4,061 எடுத்து வைத்திருக்கிறார், கிளார்க் அதைத் தாண்டவே இல்லை.

இப்போது இந்த இழையின் கேள்விக்கு வருகிறேன். உட்வர்ட் கல்லூரி முடித்தபோது அவருக்கு "அடுத்து" என்று ஒன்று இல்லை. இத்தாலிக்குப் போய் ஆடினார். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம் வாங்கினார். 1985-இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். அது வேடிக்கை காட்டுகிற அணி. அதில் ஆடுவதுதான் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரிக்குக் கிடைத்த வேலை. டபிள்யூ.என்.பி.ஏ. 1997-இல் தொடங்கியபோது கிளீவ்லாந்து ராக்கர்ஸில் சேர்ந்தார், அந்த ஆகஸ்டில் அவருக்கு 38 வயது முடிந்தது. கல்லூரிக்கும் சொந்த நாட்டு லீகுக்கும் நடுவில் 16 வருஷம்.

37 நாள் போதவில்லை என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். நான் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் எழுதினேன்.

#9 இரவுவிழிப்பு

அம்மா, 38 வயதில் ரூக்கியா! இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நன்றி.

#10 கோர்ட்டோரம்

நான் இண்டியானாபொலிஸ்காரன். கிளார்க் வருவதற்கு முன்பிருந்தே ஃபீவர் பார்க்கிறேன், அதாவது கீழ்வரிசையில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்த காலம். அலியா பாஸ்டன் 2023-இல் முதல் ஆளாக வந்து ஒரு ஓட்டுக்கூடச் சிதறாமல் சிறந்த ரூக்கி ஆனபோதும் அரங்கில் நிறைய இருக்கை காலிதான்.

டி.வி.யில் தெரியாத ஒன்று சொல்கிறேன். 2024 மே மாதம் பந்து எங்கேயோ இருக்கும்போது கிளார்க்கை ஒட்டியிருந்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தில்லாமல் ஓடுகிறவரின் இடுப்பில் முழங்கை, வெட்டித் திரும்பும் இடத்தில் மார்பைக் கொடுத்து ஒரு தடுப்பு, திரையைச் சுற்றும்போது ஜெர்சியில் ஒரு விரல். பெரும்பாலும் விசில் இல்லை. இது அவருக்காகச் செய்த தனிக் கவனிப்பு என்று நினைத்தேன். அப்புறம் மற்ற ஆட்டங்களைக் கவனித்தபோதுதான் புரிந்தது, எல்லோருக்கும் இதுதான் பந்தி. அவருக்குக் கொஞ்சம் கூடப் பரிமாறினார்கள், அதுவும் உண்மை.

செப்டம்பரில் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை வருவதற்கு முன்பே தோளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பொறி வைக்க இரண்டு பேர் வந்தால் பந்தை உடனே விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் திரும்ப வாங்குகிறார். மே மாதத்தில் அதே இடத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தவர்.

#11 உண்மைவிளம்பி

ஜூன் 1 அன்று சிகாகோ ஸ்கை அணியின் செனடி கார்ட்டர் கிளார்க்கை இடித்ததும் பந்திதானா? பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே. களத்தில் சாதாரண ஃபவுல், மறுநாள் லீக் அதை ஃபிளேக்ரன்ட் (கடுமையான ஃபவுல்) என்று உயர்த்தியது. அதே அணியின் ஏஞ்சல் ரீஸ் கோஷ்டி முழுக்க

#12 மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் பிற்பாதி நீக்கப்பட்டது. கிளார்க், ரீஸ் ரசிகர் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. வீராங்கனைகளின் நிறத்தை வைத்துப் பேசுவது எந்த இழையிலும் கிடையாது. தொடருங்கள்.

#13 கார்டு7

ரீஸ் பெயர் வந்ததால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி. டிராஃப்டில் ஏழாவது ஆள், முதல் சீசனில் தொடர்ந்து 15 ஆட்டத்தில் டபுள் டபுள் (புள்ளி, ரீபவுண்ட் இரண்டிலும் பத்தோ அதற்கு மேலோ), ஆட்டத்துக்கு 13.1 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). ரீபவுண்ட் எடுக்கிற பழக்கம் கல்லூரியிலிருந்து அப்படியே கூட வருகிறது. வளையத்தடியில் அடிக்கிற ஷாட் கூட வருவதில்லை, ஏனென்றால் அங்கே நிற்கிற ஆள் மாறிவிடுகிறார். எந்தத் திறமை ஊர் மாறும், எது மாறாது என்று பார்க்க அவருடைய முதல் வருஷம் நல்ல பாடம்.

#14 மூன்றாம்சுற்று

இவ்வளவு நேரம் முதல் ஆள், இரண்டாம் ஆள் பற்றியே பேசுகிறீர்கள். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அடிமட்டம்தான் பிடிக்கும்.

2024 கணக்கு: 12 அணி, அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக 144 இடம். சம்பள உச்சவரம்பு கறார் என்பதால் பல அணிகள் 11 பேரோடு நிறுத்திக்கொண்டன. டிராஃப்டில் மூன்று சுற்று, 36 பெயர். அந்த 36 பேருக்காக யாரும் 36 நாற்காலியைக் காலி செய்து வைப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் சுற்றில் தேர்வானவர்கள் டி.வி.யில் கைதட்டு வாங்கிவிட்டு, இரண்டு வாரம் முகாமில் ஓடிவிட்டு, மே இரண்டாம் வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். உள்ளூரில் இரண்டாம் நிலை லீக் இருந்தால் அங்கே ஆடிக் காத்திருக்கலாம். ஆண்களுக்கு இருப்பது போல அது பெண்களுக்கு இல்லை.

கேட் மார்ட்டின் கதை தெரியுமா? அந்த ஏப்ரல் 15 அன்று புரூக்ளினில் நடந்த டிராஃப்டுக்கு அவர் அழைக்கப்பட்ட விருந்தாளி இல்லை. கிளார்க்குக்குத் துணையாகப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் சுற்றில், 18-வது பெயராக, லாஸ் வேகஸ் ஏசஸ் அவரைக் கூப்பிட்டது. பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பை வாங்கிய அணி அது. அங்கே முகாமில் தாக்குப்பிடித்து இடம் வாங்கினார். அந்த டிசம்பரில் புது அணிக்கான டிராஃப்டில் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் அவரை எடுத்துக்கொண்டது. புள்ளிப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கீழேதான் இருக்கும். ஆனால் லீகில் இடம் பிடித்தார்! அதுதான் கஷ்டம்.

டிராஃப்டே ஆகாதவர்களும் உண்டு. பெக்கி ஹாமன் 1999-இல் யாராலும் தேர்வாகவில்லை. 2023-இல் நெய்ஸ்மித் புகழ்க்கூடத்தில் பெயர். எரிக்கா வீலர் 2013-இல் தேர்வாகாமல் வெளிநாடுகளில் ஆடித் திரிந்துவிட்டு வந்து, 2019 ஆல் ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை ஆனார். கிளார்க்கின் முதல் வருஷத்தில் அதே ஃபீவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

#15 இரவுவிழிப்பு

சரி, இப்போது சொந்தக் காரணம்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஆடுகிறாள். நீங்கள் டி.வி.யில் பார்க்கிற கல்லூரி இல்லை. முதல் பிரிவுதான், ஆனால் சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு). கார்டு, நல்ல ஷூட்டர். இந்த மாதம் நாலாவது, கடைசி சீசன் ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் ஃபோனில் "மாமா, ஏப்ரலுக்கு அப்புறம் நான் யாரு?" என்று கேட்டாள். படித்து வேலைக்குப் போகலாம் என்பது அவளுக்கும் தெரியும். அக்கா வீட்டில் அதைத்தான் சொல்கிறார்கள். நான் கிளார்க் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தது அதனால்தான். கிளார்க்குக்கே பத்து டர்னோவர் என்றால் இவளுக்கு என்ன சொல்வது?

#16 பழைய ரசிகை

"ஏப்ரலுக்கு அப்புறம் நான் யாரு" என்று கேட்கிற பிள்ளைக்கு லீக் கணக்கு சொல்லாதீர்கள் தம்பி. முதலில் அவள் கேட்டதைக் கேளுங்கள்.

#17 மூன்றாம்சுற்று

அக்கா சொல்வது சரி. இருந்தாலும் கணக்கும் தெரிந்திருக்கட்டும்.

டிராஃப்டுக்குத் தகுதி பெற, அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு அந்த வருஷத்துக்குள் 22 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது பள்ளி முடித்து நாலு வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் ஆண்களைப் போல ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கிளம்புவது இங்கே இல்லை. வெளிநாட்டு வீராங்கனைக்கு அந்த வருஷத்தில் 20 ஆனால் போதும். 2025-இல் இரண்டாவதாகத் தேர்வான பிரான்ஸின் டொமினிக் மலோங்காவுக்கு அப்போது 19தான்.

உங்கள் பெண்ணுக்கு நாலு வருஷம் முடிகிறது, தகுதி இருக்கிறது. பெயர் வராது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முகாமுக்கு மட்டும் அழைக்கிற ஒப்பந்தம் உண்டு. ஆனால் சின்ன கான்ஃபரன்ஸ் கார்டுக்கு நேர்வழி வெளிநாடுதான். ஐரோப்பாவில் பல நாட்டில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று லீக் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் உண்டு. துருக்கி, ஸ்பெயின் மேல்மட்டம், முதல் வருஷமே அங்கே போக முடியாது. கீழ்மட்ட கிளப்புகளில் சம்பளம் மாதக் கணக்கில், சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். வீடு பெரும்பாலும் கிளப் தரும். ஒப்பந்தத்தில் "காயம் பட்டால் என்ன" என்ற பகுதியை ஏஜென்ட் படித்தால் போதாது, நீங்களும் படியுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதையும். இதில் கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன்: என் தங்கை ஆடிய ஒரு கிளப் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை இன்னும் "அனுப்பிக்கொண்டே" இருக்கிறது.

#18 உண்மைவிளம்பி

மேலே பேசியதற்கு மன்னிக்கவும். பணத்தைப் பற்றி ஒரு கேள்வி. கல்லூரியிலேயே விளம்பரப் பணம் வருகிறதே, அப்புறம் எதற்கு அவசரமாகத் தொழில்முறைக்குப் போக வேண்டும்?

#19 புள்ளிக்கணக்கு

நியாயமான கேள்வி, நிறையப் பேர் போகவும் இல்லை. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இந்தப் பக்கம், 2024-இல் முதல் ஆளான கிளார்க்கின் முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர், நாலு வருஷத்துக்கும் சேர்த்து 3,38,056. 2025-இல் முதல் ஆளான பேஜ் பெக்கர்ஸுக்கு 78,831. 2025-இல் லீகில் யாருக்கும் உச்சபட்சம் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம்தான். 2020-இல் போட்ட ஒப்பந்தம் இது. புது ஒப்பந்தப் பேச்சு 2025 நவம்பரிலும் இழுத்துக்கொண்டிருந்தது. 2026 முதல் 11 வருஷத்துக்கு 220 கோடி டாலர் ஒளிபரப்புப் பணம் வருகிறது என்பதால்தான் இந்த இழுபறி.

ஆகவே நோட்டர்டாமின் ஒலிவியா மைல்ஸ், 2025 டிராஃப்டில் முதல் சில பெயர்களுக்குள் வருவார் என்று எல்லோரும் எழுதிய பிறகும், டி.சி.யு. என்ற வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னொரு வருஷம் கல்லூரியில் ஆட முடிவு செய்தார். யூகானில் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அஸி ஃபட் தங்கிவிட்டார்.

முன்பெல்லாம் லீக் நடக்காத குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி என்று ஓடினார்கள். டயானா டௌராசிக்கு 2015-இல் ரஷ்ய கிளப், "டபிள்யூ.என்.பி.ஏ. சீசனை விட்டுவிட்டு ஓய்வெடு" என்று பணம் கொடுத்த கதை உண்டு. பிரிட்னி கிரைனர் 2022-இல் அங்கே கைதாகிப் பத்து மாதம் கழித்துத் திரும்பியது எல்லோருக்கும் தெரியும். இப்போது நஃபீசா காலியரும் பிரியானா ஸ்டூவர்ட்டும் சேர்ந்து மயாமியில் அன்ரைவல்ட் என்ற மூவர் லீகை 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறார்கள். முதல் சீசனில் சராசரிச் சம்பளம் 2,20,000 டாலருக்கு மேல். மேல்மட்டத்துக்கு மட்டும்தான் அது, இரவுவிழிப்பு வீட்டுப் பெண்ணுக்கு இப்போதைக்கு உதவாது.

#20 கார்டு7

பெக்கர்ஸ் பெயர் வந்ததால் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். யூகானில் முதல் வருஷத்திலேயே நாட்டின் சிறந்த வீராங்கனை. அப்புறம் 2021 டிசம்பரில் முழங்கால் எலும்பில் முறிவு, 2022 ஆகஸ்டில் அதே காலில் ஏ.சி.எல். (முழங்கால் இணைப்பு நார்) கிழிந்தது. ஒரு சீசன் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார். 2024-இலேயே டிராஃப்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 2025 ஏப்ரலில் கல்லூரிக் கோப்பை, எட்டு நாள் கழித்து டல்லாஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. ஆகஸ்டில் ஒரே ஆட்டத்தில் 44 புள்ளி, அப்புறம் சிறந்த ரூக்கி. முதல் ஆட்டத்திலிருந்தே அவர் அவசரப்படாமல் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உட்கார்ந்த வருஷம் கண்ணுக்கு ஏதோ செய்திருக்கிறது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

கிளார்க் 2025-இல் காயத்தால் 13 ஆட்டம் மட்டுமே ஆட முடிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் இல்லாமலே ஃபீவர் அரையிறுதியில் ஐந்தாவது ஆட்டம் வரை போராடியது. யார் இடமும் யாருக்காகவும் காத்திருக்காது.

பிறகு நேரடியாக ஒன்று. அவள் ஷூட்டர் என்றீர்கள். கையில் பந்தில்லாமல் எப்படி ஓடுகிறாள், எந்தக் காலை வைத்து நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்த கார்டுகளுக்குத் தொழில்முறையில் முதலில் கிடைப்பது மூலையில் நிற்கிற வேலை. நாலு நிமிஷம் நின்று, ஒரே ஒரு பந்து வரும், அதைப் போட வேண்டும். அடுத்த பந்து அடுத்த ஆட்டத்தில். இதை இந்த சீசனிலேயே பழகச் சொல்லுங்கள். முழு ஆட்டங்களின் காணொளியைச் சேர்த்து வைக்கட்டும். நல்ல துண்டுகள் மட்டும் வெட்டியதை எந்தப் பயிற்சியாளரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை. அவள் தடுப்பாட்டத்தில் தோற்கிற இடங்களும் அதில் இருக்க வேண்டும்.

#21 கோர்ட்டோரம்

அக்கா வீட்டுக்கும் ஒரு வார்த்தை. வேலை இரண்டு வருஷம் கழித்தும் கிடைக்கும். முழங்கால் அப்படி இல்லை.

#22 பழைய ரசிகை

அதையும் அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆட ஆசை தீர்ந்துபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஆடு ஆடு என்று தள்ளக் கூடாது.

#23 இரவுவிழிப்பு

நேற்று ராத்திரி பேசினேன். இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். உட்வர்டு கதையில் அமைதியாகிவிட்டாள், கேட் மார்ட்டின் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். காணொளியை முழுசாகச் சேர்த்து வைத்திருக்கிறாளாம். "தோற்கிற இடமும் இருக்கு, நிறையவே இருக்கு" என்றாள்.

மூன்றாம்சுற்று சொன்ன 144 இடத்தைச் சொன்னபோது மட்டும் மறித்தாள். "மாமா, அது பழைய கணக்கு. 2025-லயே வால்கிரீஸ் வந்தாச்சு, 13 அணி, 156."

#24 மூன்றாம்சுற்று

பிடித்துவிட்டாள்! 2026-இல் டொராண்டோவும் போர்ட்லாந்தும் வருகின்றன. 15 அணி, 12 பேர் வீதம் 180. சொல்லுங்கள்.

#25 இரவுவிழிப்பு

சொன்னேன். "அப்ப 24 இடம் கூடுது" என்றாள். அப்புறம் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.